ஹோஹெவார்ட்: நிலக்கரிக் கழிவுமலை பொதுப்பூங்காவானபோது நடந்தவை

பின்னணி

ஜெர்மனியின் மேற்கே, ரூர், லிப்பே என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவே, நிலக்கரியால் வளர்ந்து நிலக்கரி போனதும் தளர்ந்த நகரங்கள் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கின்றன. அவற்றில் ஹெர்டென், ரெக்லிங்ஹௌசன் ஆகிய இரண்டு நகரங்களின் எல்லையில் நிற்கிறது ஹோஹெவார்ட் குன்று. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 152 மீட்டர் உயரம். சுற்றியுள்ள சமவெளியிலிருந்து பார்த்தால் ஏறத்தாழ 100 மீட்டர். பரப்பு 160 ஹெக்டேர் அளவுக்கு வரும். இந்தக் குன்றில் ஒரு கல்லைக்கூட இயற்கை கொண்டுவந்து வைக்கவில்லை. எவால்ட், ரெக்லிங்ஹௌசன்-2, ஜெனரல் புளூமென்டால் ஆகிய சுரங்கங்கள் நிலக்கரியோடு சேர்த்து மேலே கொண்டுவந்த கழிவுக்கல்லால் ஆனது அது. பக்கத்திலேயே ஹோப்பன்புருக் என்று இன்னொரு கழிவுமலை. இரண்டும் சேர்ந்து, அந்த வட்டாரத்துக் கழிவுமலைத் தொகுதிகளில் மிகப் பெரியதாகச் சொல்லப்படுகின்றன.

நெய்வேலியைப் பார்த்தவர்கள் அங்குள்ள மண்மேடுகளை நினைத்துக்கொள்ளக்கூடும். ஒப்பீடு ஓரளவுக்குத்தான் பொருந்தும். நெய்வேலியில் இருப்பது திறந்தவெளிச் சுரங்கம்; மேட்டில் கிடப்பது பழுப்பு நிலக்கரியின் மேல் படிந்திருந்த மணலும் களிமண்ணும். ஹோஹெவார்டில் இருப்பது ஆயிரம் மீட்டர் ஆழம்வரை இறங்கிய சுரங்கங்களிலிருந்து வந்த களிப்பாறையும் மணற்பாறையும். ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகள் வெளிச்சமே படாமல் இருந்த கல். அது காற்றையும் மழையையும் சந்திக்கும்போது என்ன ஆகிறது என்பதில்தான் இந்த நிகழ்வின் பாதிச் சிக்கல் இருக்கிறது.

இந்த ஆய்வு அந்தக் கழிவுமலை பூங்காவான விதத்தைப் பதிவு செய்கிறது. இதில் ஈடுபட்டவர்களின் பெயர்கள் தேவையில்லை என்பதால் விடப்பட்டுள்ளன. எந்த முடிவு ஏன் எடுக்கப்பட்டது, அது எப்படிப் போனது என்பதே நமக்கு வேண்டியது.

மலை வளர்ந்த விதம்

கையால் வெட்டிய காலத்தில் தொழிலாளி நிலக்கரியைப் பார்த்து வெட்டினார். கல்லை அங்கேயே ஒதுக்கி, நிலக்கரி எடுத்த வெற்றிடத்தை நிரப்பப் பயன்படுத்தினார்கள். இயந்திரம் வந்த பிறகு நிலைமை மாறியது. சுரண்டிக்கொண்டு ஓடும் இயந்திரத்துக்கு நிலக்கரி எது, கல் எது என்ற வேறுபாடு கிடையாது. வெற்றிடத்தை நிரப்பும் வழக்கமும் செலவைக் காட்டிக் கைவிடப்பட்டது. கடைசிப் பத்தாண்டுகளில் மேலே வந்த சரக்கில் ஏறத்தாழ பாதிவரை கல்லாகவே இருந்தது. கழுவிப் பிரித்தபின் அந்தக் கல்லுக்கு ஓர் இடம் வேண்டும். சுரங்கத்துக்குப் பக்கத்தில் கிடைத்த நிலமெல்லாம் அந்த இடமானது.

ரூர் பகுதியில் கழிவுமலைகளை மூன்று தலைமுறைகளாகப் பிரித்துச் சொல்வார்கள். முதல் தலைமுறை, தூக்குவாளியிலிருந்து அப்படியே கொட்டிய கூம்புகள். சரிவு செங்குத்தாக இருக்கும், கல் இறுகாமல் தளர்வாகக் கிடக்கும், உள்ளே காற்று புகும், தீப்பிடிக்கும். இரண்டாம் தலைமுறை, படிப்படியாக அடுக்கிய தட்டையான மேசைமலைகள். மூன்றாவது, கொட்டத் தொடங்குமுன்பே வடிவம் வரைந்து, சுற்றியுள்ள நிலத்தோடு பொருந்துமாறு வளைத்துக் கட்டிய மலைகள்.

இந்த மாற்றத்துக்குப் பின்னால் ஒரு துயரமும் இருக்கிறது. 1966 அக்டோபர் 21 அன்று வேல்ஸ் நாட்டின் அபர்வான் கிராமத்தில், நீரூற்றின் மேல் கொட்டப்பட்டிருந்த கழிவுமேடு சரிந்து பள்ளிக்கூடத்தின் மீது இறங்கியது. 144 பேர் இறந்தார்கள். அவர்களில் 116 பேர் குழந்தைகள். அதன்பின் நிலக்கரி நாடுகளில் கழிவுமேட்டை வெறும் குப்பையாகப் பார்க்க முடியவில்லை. அது ஒரு கட்டுமானம், அதற்கும் அடித்தளம், வடிகால், சரிவுக்கோணம் உண்டு என்ற பார்வை வந்தது.

ஹோஹெவார்ட் பெரும்பாலும் இந்தப் பிந்தைய காலத்தில் வளர்ந்தது. பிற்பாடு இது பெரிய நன்மையாக அமைந்தது. அடுக்கடுக்காகக் கொட்டி, ஒவ்வோர் அடுக்கையும் புல்டோசராலும் உருளையாலும் இறுக்கியிருந்ததால் உள்ளே காற்று குறைவு. தீ அபாயமும் குறைவு. பழைய கூம்பு ஒன்றைப் பூங்காவாக்க முனைபவர்களுக்கு இந்தச் சலுகை கிடைக்காது என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஹோஹெவார்டின் வெற்றியைப் பார்த்துவிட்டு எரிந்துகொண்டிருக்கும் மேட்டின் மேல் பாதை போடக்கூடாது.

நிலத்தில் கண்டவை

தொடக்கத்தில் அங்கே இருந்தது கறுத்த, சருகு போல் உதிரும் கல் மட்டுமே. புதிதாகக் கொட்டிய களிப்பாறை பார்க்கத்தான் உறுதி. இரண்டு மூன்று குளிர்காலம் பனி உறைந்து உருகினால் தகடு தகடாகப் பிரிந்துவிடும். சில தகடுகளைப் புரட்டினால் நிலக்கரிக் காலத்துப் பெரணி இலையின் அச்சு, நரம்பு நரம்பாகத் தெரியும். ரூர் பகுதியின் குழந்தைகளுக்கு இப்படிப்பட்ட மேடுகளில் புதைபடிவம் தேடுவது பழகிய விளையாட்டு.

அந்தக் கல்லில் பைரைட் என்ற இரும்புக் கந்தகச் சேர்மம் கலந்திருக்கிறது. காற்றும் நீரும் பட்டதும் அது கந்தக அமிலமாக மாறத் தொடங்கும். மேல்மண்ணின் காரஅமில அளவு (pH) மூன்று, நான்கு என்று இறங்கிவிடும். அந்த நிலையில் பெரும்பாலான செடிகளின் வேர் பிடிக்காது. மழைநீர் உள்ளே இறங்கினால் சல்ஃபேட்டையும் உப்பையும் கரைத்துக்கொண்டு அடிவாரத்தில் வெளியேறும். எனவே மலையின் மேல் என்ன நடுவது என்ற கேள்விக்கு முன்பே, மலையிலிருந்து வரும் நீரை எங்கே விடுவது என்ற கேள்வி வந்து நின்றது.

வெப்பம் இன்னொரு தடை. கோடை நண்பகலில் கறுப்புக் கல்லின் மேற்பரப்பு 50 டிகிரி செல்சியஸைத் தாண்டும். காற்று 25 டிகிரியில் இதமாக இருக்கும் அதே நாளில், தரையோடு ஒட்டிய நாற்று வெந்துபோகும். இத்தனை தடைகளையும் மீறி, யாரும் நடாமலேயே பிர்ச் மரம் வந்துவிடுவதை மேடுகளைக் கவனித்தவர்கள் கண்டார்கள். அதன் விதை காற்றில் பறக்கும். மண்ணே இல்லாத இடுக்கில்கூட முளைக்கும். பிற்பாடு வந்த திட்டம் இந்தக் கவனிப்பை ஓரளவுக்குத்தான் பயன்படுத்திக்கொண்டது என்பது என் கருத்து.

சுற்றுப்புறத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். மலைக்குத் தெற்கே எம்ஷர் ஆறு. ஆறு என்று சொன்னாலும், நூறு ஆண்டுகளாக அது கான்கிரீட் போட்ட திறந்த சாக்கடை. நிலத்தடியில் நிலக்கரி எடுத்ததால் மேலே தரை மீட்டர் கணக்கில் தாழ்ந்தது. பூமிக்கடியில் குழாய் பதித்தால் உடைந்துவிடும். ஆகவே கழிவுநீரை மேலேயே ஓடவிட்டார்கள். இன்னொரு பக்கம் நெடுஞ்சாலை. மலையை ஒட்டியே குப்பை எரிப்பு ஆலை. பூங்காவுக்கு இடம் தேடும் எவரும் தேர்ந்தெடுக்கும் சூழல் அன்று. ஆனால் நடக்கும் தொலைவில் பல்லாயிரம் பேர் வசித்தார்கள், அவர்களுக்குப் பக்கத்தில் வேறு திறந்தவெளி அதிகம் இல்லை.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு மலையை வைத்துக்கொள்வது. கலைத்துவிடுவது நடைமுறைக்கு ஒவ்வாதது. கழிவுக்கல்லைச் சாலை அடித்தளத்துக்கும் கால்வாய்க் கரைக்கும் பயன்படுத்துவது அங்கே வழக்கம்தான். ஆனால் இந்த அளவு கல்லுக்கு வாங்குவோர் இல்லை. லாரியில் ஏற்றிக்கொண்டே இருந்தாலும் ஒரு தலைமுறைக்காலம் ஆகும். மரம் நட்டு வேலி போட்டு விட்டுவிடுவது இன்னொரு வழி. முந்தைய பத்தாண்டுகளில் பல மேடுகளுக்கு அதுதான் நடந்தது. செலவு குறைவு; பொறுப்பும் குறைவு. ஆனால் வேலி போட்ட மேடுகளில் ஆட்கள் ஏறிக்கொண்டுதான் இருந்தார்கள். தட்டையான ஊரில் பிறந்தவர்களுக்கு உயரம் ஒரு பெரிய ஈர்ப்பு.

1989 முதல் 1999 வரை மாநில அரசு நடத்திய எம்ஷர் பூங்காக் கட்டடக் கண்காட்சி இந்த எண்ணத்தை மாற்றிப் போட்டது. பெயரில் கண்காட்சி என்று இருந்தாலும், பதினேழு நகரங்களில் பழைய தொழிற்சாலைகள், சுரங்கங்கள், ஆற்றங்கரைகள் ஆகியவற்றை மீட்டெடுத்த பத்தாண்டுத் திட்டம் அது. கழிவுமலையின் உச்சியை வெறுமையாக விட்டு, அங்கே ஓர் அடையாளச் சின்னத்தை நிறுத்துவது என்ற வழக்கம் அந்தக் காலத்தில் பரவியது. 1995இல் போட்ரோப் நகரத்து மேட்டில் எஃகுக் குழாய்களால் ஆன, நான்கு முக்கோண முகங்கள் கொண்ட நான்முகி எழுந்தது. மக்கள் அதற்குள் ஏறிச்சென்று பார்க்கலாம். 1998இல் எஸ்ஸென் நகரத்து ஷூரன்பாக் மேட்டில் சிற்பி ரிச்சர்ட் செர்ரா 67 டன் எடையுள்ள ஒற்றை எஃகுத் தகட்டைச் செங்குத்தாக நிறுத்தினார். அதைச் சுற்றி ஒரு செடிகூட இல்லை. மேட்டின் கறுப்பு அப்படியே விடப்பட்டது. அடுத்த மேட்டுக்கு அடுத்த சின்னம் என்ற எதிர்பார்ப்பு இப்படித்தான் உருவானது. ஹோஹெவார்டும் அதற்குள் வந்தது.

இரண்டாவது முடிவு யார் உரிமையாளர் என்பது. நகராட்சிகளுக்கு இதைத் தாங்கும் வலிமை இல்லை. எவால்ட் சுரங்கம் 2000 ஏப்ரலில் மூடப்பட்டது. ஐரோப்பாவின் மிகப் பெரிய சுரங்க நகரம் என்று ஒருகாலத்தில் பெயர் வாங்கிய ஹெர்டெனில் அதோடு நிலக்கரியின் காலம் முடிந்தது. வரி வருவாயும் சேர்ந்து போனது. ஆகவே சுரங்க நிறுவனத்திடமிருந்து மலையை வாங்கி நிர்வகிக்கும் பொறுப்பை 1920 முதல் இயங்கிவரும் பிராந்தியக் கூட்டமைப்பு ஏற்றது. அந்த அமைப்பு தொடக்கத்திலிருந்தே நகரங்களுக்கு நடுவே பசுமைப் பட்டைகளைக் காத்துவந்தது. ஒரே உரிமையாளரிடம் பல மேடுகள் இருந்தால் பராமரிப்பு ஆட்களையும் இயந்திரங்களையும் பகிர்ந்துகொள்ளலாம். இந்த முழு நிகழ்விலும் மிகக் குறைவாகப் பேசப்பட்டதும் மிக நன்றாக எடுக்கப்பட்டதும் இந்த முடிவுதான் என்பேன்.

மூன்றாவது, படிப்படியாகத் திறப்பது. ஜெர்மனியின் சுரங்கச் சட்டம் 1980இல் இயற்றப்பட்டது. அதன்படி, தோண்டியவர் நிலத்தை மறுபடி பயன்படும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். மூடும்போது அதற்கென ஒரு திட்டத்தை அதிகாரிகளிடம் ஒப்புதலுக்கு வைக்க வேண்டும். சரிவு நிலையாக இருக்கிறது, நீர் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று உறுதியாகும்வரை அந்த இடம் சுரங்க அதிகாரிகளின் மேற்பார்வையிலேயே இருக்கும். எனவே மலையின் ஒரு பக்கத்தில் பாதை திறக்கும்போது மறுபக்கத்தில் வேலை நடந்துகொண்டிருந்தது. மக்களுக்கு இது எரிச்சல் தந்திருக்கும். ஆனாலும் முழுவதும் முடியட்டும் என்று காத்திருந்தால் ஒரு தலைமுறை அந்த மலையில் கால் வைத்திருக்காது.

வடிவமைப்பில் மையமாக இருந்தது மலையைச் சுற்றிவரும் வளையப் பாதை. சரிவில் ஏறத்தாழ சமமட்டமாக, ஆங்காங்கே பலகணி போல வெளியே நீளும் பார்வைத்தளங்களோடு அது போடப்பட்டது. உச்சிக்கு ஏற முடியாத முதியவரும், சக்கர நாற்காலியில் வருபவரும், குழந்தை வண்டி தள்ளுபவரும் மலையை அனுபவிக்க இதுவே வழி. உச்சிக்குப் போக வளைந்து செல்லும் பாதைகளும், எவால்ட் பக்கத்திலிருந்து செங்குத்தாக ஏறும் நீண்ட படிக்கட்டும் அமைக்கப்பட்டன. சரிவுகளில் மண் பரப்பி மரம் நட்டார்கள். உச்சியைத் திறந்தவெளியாக விட்டார்கள்.

உச்சியில் என்ன வைப்பது என்ற கேள்விக்கு வந்த விடை மற்ற மேடுகளைவிட வித்தியாசமானது. உள்ளூர் வானியல் ஆர்வலர்கள், தடையில்லாத அடிவானம் இந்த உச்சியில் கிடைக்கும் என்று கண்டார்கள். தொல்பழங்காலத்தில் கல்வட்டங்களை நிறுத்தி ஞாயிறு, திங்கள் எழும் திசையைக் கவனித்ததைப் போல, இந்த மலையுச்சியையே ஒரு வான்காட்சிக் கருவியாக்கலாம் என்றார்கள். இந்த யோசனை இடத்திலிருந்தே பிறந்தது. வேறெங்கோ செய்த சிற்பத்தைக் கொண்டுவந்து வைப்பதல்ல. அதற்காக அதைப் பாராட்ட வேண்டும்.

2005: நிழற்கடிகாரம்

முதலில் முடிந்தது நிழற்கடிகாரம். 2005இல் திறக்கப்பட்டது. உரோமைப் பேரரசர் அகஸ்டஸ் உரோமாபுரியில் அமைத்த நிழற்கடிகாரத்தை முன்மாதிரியாகக் கொண்டது. நடுவில் எட்டரை மீட்டர் அளவுக்கு ஓர் எஃகுத் தூண், சுற்றி 62 மீட்டர் விட்டத்தில் கல்தளம், அதில் கோடுகள்.

இந்த அளவு எங்கிருந்து வந்தது என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும். அந்த அட்சரேகையில் டிசம்பர் நடுவில் நண்பகல் சூரியன் 15 டிகிரி உயரத்துக்குத்தான் எழும். தூணின் நிழல் 31 மீட்டர் அளவுக்கு நீளும். அதாவது தளத்தின் விளிம்புவரை. ஜூன் மாதத்தில் அதே நண்பகல் நிழல் ஐந்து மீட்டரைக்கூட எட்டாது. தளத்தின் ஓரத்தில் நின்றுகொண்டு கைக்கடிகாரத்தைப் பார்ப்பவர்களுக்கு ஒரு குழப்பம் காத்திருக்கிறது. நிழல் காட்டும் நேரம் கடிகாரத்தைவிட ஏறத்தாழ அரைமணி பின்தங்கியிருக்கும். கோடைகால நேரம் நடைமுறையில் இருந்தால் ஒன்றரை மணி. ஜெர்மனியின் நேரம் கிழக்கு எல்லையை ஒட்டிய 15 டிகிரி தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது; ஹெர்டென் இருப்பது 7 டிகிரியைச் சற்றுத் தாண்டி. பள்ளிப் பிள்ளைகளை அழைத்துவரும் ஆசிரியருக்கு ஒரு முழுப் பாடமே கிடைக்கிறது.

நிழற்கடிகாரத்தில் அசையும் பாகம் இல்லை, உயரத்தில் தொங்கும் எடை இல்லை. தூண் நிமிர்ந்து நின்றால் போதும், தளத்தைக் கூட்டினால் போதும். அது இன்றும் வேலை செய்கிறது.

2008–2009: வளைவுகள்

2008 இந்தப் பூங்காவுக்குப் பெரிய ஆண்டு. ரெக்லிங்ஹௌசன் பக்கத்துக் குடியிருப்பிலிருந்து சாலையைக் கடந்து மலைக்கு வரும் நடைபாலம் திறக்கப்பட்டது. சிவப்பு எஃகில், டிராகன் வடிவில், ஏறத்தாழ 165 மீட்டர் நீளம். அதுவரை வாகனச் சாலையைத் தாண்டி வரவேண்டியிருந்தவர்கள் இப்போது வீட்டுப் பக்கத்திலிருந்து நேரே மலைக்கு நடந்தார்கள். எவால்ட் சுரங்கத்தின் பழைய கட்டடங்களில் புதிய நிறுவனங்கள் குடியேறிக்கொண்டிருந்தன.

அதே ஆண்டு நவம்பரில் அடிவானக் கண்காணிப்பகம் திறக்கப்பட்டது. இரண்டு பெரிய எஃகு வளைவுகள். ஒன்று வடக்கு தெற்காக, தலைக்கு மேலே ஏறத்தாழ 45 மீட்டர் உயரத்தில். சூரியன் அதைக் கடக்கும் நொடிதான் உண்மையான நண்பகல். மற்றது வானநடுக்கோட்டின், அதாவது பூமியின் நடுக்கோட்டை வானத்தில் நீட்டினால் வரும் கோட்டின், சாய்வில் சரிந்து நிற்பது. சம இரவு பகல் நாளில் சூரியன் காலை முதல் மாலைவரை அந்த வளைவின் மேலேயே நகரும். நடுவில் தரையைச் சற்றுத் தாழ்த்தி வட்டவடிவக் களம். அதில் நின்றால் பக்கத்து ஊர்களின் கூரைகள் மறைந்து, அடிவானமும் வளைவுகளும் மட்டும் கண்ணில் படும்.

2009 ஜனவரியில், திறந்து இரண்டரை மாதம்கூட முழுதாக ஆகாத நிலையில், வளைவின் எஃகுக் கட்டமைப்பில் விரிசல் கண்டுபிடிக்கப்பட்டது.

அந்த இடத்தை உடனே மூடினார்கள். சரியான முடிவு, அதில் தயக்கம் காட்டப்படவில்லை. வளைவுகளுக்குத் தாங்கிகள் நிறுத்தப்பட்டன. களத்தைச் சுற்றி வேலி வந்தது. அதற்குப் பிறகு வந்தது நீண்ட காத்திருப்பு. பிழை வரைபடத்திலா, செய்நேர்த்தியிலா, யார் செலவில் சரிசெய்வது என்ற தகராறு நீதிமன்றத்துக்குப் போனது. இத்தகைய வழக்குகளில் சேதமடைந்த பொருளே சாட்சியம். அதைத் தொட்டுத் திருத்தினால் சாட்சியம் அழிந்துவிடும். ஆகவே நிபுணர் வந்து பார்த்து முடிக்கும்வரை அது அப்படியே நிற்க வேண்டும். மாதங்கள் ஆண்டுகளாயின. அடுத்த பத்தாண்டின் பெரும்பகுதிக்கு, ஹோஹெவார்டின் பெயரைச் சொன்னதும் நினைவுக்கு வரும் அந்தச் சின்னம் முட்டுக்கொடுத்த நிலையில் வேலிக்குப் பின்னால் நின்றது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. திட்டத்தில் எல்லோரும் பயந்தது கல்லைப் பற்றி. சரியுமா, எரியுமா, அமிலம் கசியுமா என்று பத்தாண்டுகளாகச் சோதித்தார்கள், அளந்தார்கள், சட்டமே அதற்காகக் கண்காணித்தது. கல் சொன்னபடி நின்றது. நம்பிக்கையோடு கட்டிய எஃகில்தான் பழுது வந்தது. ஆபத்தானது என்று பெயர் வாங்கிய பகுதிக்குக் கிடைத்த கவனம், பெருமைக்குரியது என்று நினைத்த பகுதிக்குக் கிடைக்கவில்லை என்று ஊகிக்கத் தோன்றுகிறது.

அதன்பின்

சின்னம் மூடப்பட்டதால் மக்கள் வராமல் போயிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர் உண்டு. அப்படி நடக்கவில்லை. வளையப் பாதையில் நடப்பவர்களும் ஓடுபவர்களும் மிதிவண்டிக்காரர்களும் வந்துகொண்டே இருந்தார்கள். மாலையில் உச்சியில் சூரியன் மறைவதைப் பார்க்க ஒரு கூட்டம். மேற்கே கெல்சன்கிர்ஷன் கால்பந்து அரங்கம், தெளிவான நாளில் தொலைவில் ஓபர்ஹௌசனின் பழைய எரிவாயுக் கலன், எங்கெங்கும் புகைபோக்கிகளும் இன்னும் பல மேடுகளும். ரூர் பகுதி ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகராக இருந்த 2010ஆம் ஆண்டின் மே மாதத்தில், பழைய சுரங்கவாய்கள் இருந்த 300க்கும் மேற்பட்ட இடங்களில் மஞ்சள் நிற பலூன்களைக் கட்டிப் பறக்கவிட்டார்கள். எத்தனை ஆழ்குழிகளின் மேல் இந்த நகரங்கள் உட்கார்ந்திருக்கின்றன என்பதைத் தெருவில் நின்று காண முடியாது. கழிவுமலையின் உச்சியிலிருந்துதான் கண்ணுக்கு எட்டியவரை எண்ண முடிந்தது.

ஹோப்பன்புருக் பக்கம் வேறு விதமாக வளர்ந்தது. அங்கே 1997இல் ஒரு காற்றாலை நிறுவப்பட்டது. மலைமிதிவண்டிக்காரர்களுக்கென்று தடம் ஒதுக்கப்பட்டது. தடம் ஒதுக்காத இடங்களில் அவர்கள் தாமாகவே தடம் போட்டுக்கொள்வார்கள் என்பது எல்லா மேடுகளிலும் கண்ட அனுபவம். தளர்ந்த களிப்பாறைச் சரிவில் ஒரு சக்கரத்தடம் போதும். அடுத்த பெருமழையில் அது ஓடையாகும், அதற்கடுத்ததில் பள்ளமாகும். மரம் நட்டுப் பிடித்துவைத்த மண் அந்தப் பள்ளத்தின் வழியாக அடிவாரத்துக்குப் போய்விடும்.

எம்ஷர் ஆற்றின் சீரமைப்பு 1992இல் தொடங்கியது. சுரங்கம் ஓய்ந்த பகுதிகளில் தரை இறங்குவது நின்றதால் நிலத்தடிக் குழாய் பதிக்க முடிந்தது. 2021 இறுதியில் அந்த ஆறு கழிவுநீர் இல்லாத ஆறாயிற்று. மலையின் தெற்குப் பக்கத்தில் நடப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய மாற்றம் வேறில்லை. பூங்காத் திட்டத்தின் கணக்கில் இது வராது. ஆனால் பூங்காவின் மதிப்பில் பெரும்பங்கு இதனுடையது.

ஜெர்மனியின் கடைசிக் கருநிலக்கரிச் சுரங்கம் 2018 டிசம்பரில் போட்ரோப்பில் மூடப்பட்டது. தாழ்ந்துபோன நிலத்திலிருந்து நீரை இறைத்துக்கொண்டே இருக்கும் வேலைக்கு மட்டும் முடிவு கிடையாது. இறைப்பிகளை நிறுத்தினால் அந்த வட்டாரத்தின் ஐந்தில் ஒரு பங்கு நீரில் மூழ்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த நிரந்தரச் செலவுக்காக 2007இல் ஓர் அறக்கட்டளை நிறுவப்பட்டது. பூமிக்குக் கீழே உள்ள கடனுக்கு இப்படி ஓர் ஏற்பாடு இருக்கிறது. மேலே உள்ள மேடுகளின் பாதைக்கும் படிக்கும் கைப்பிடிக்கும் ஆகும் செலவு ஆண்டுதோறும் பொது நிதிநிலை அறிக்கையில் இடம்பிடிக்கப் போராட வேண்டியிருக்கிறது.

மாற்றிச் செய்யக்கூடியவை

இதே போன்ற மேட்டை இன்று எடுத்துக்கொண்டால், வரிசையை மாற்றுவேன். முதலில் வடிகால், அடுத்து வளையப் பாதை, அடுத்து குடியிருப்பிலிருந்து வரும் பாலம். சின்னம் கடைசியில், அதுவும் மக்கள் எங்கே நிற்கிறார்கள், எந்தத் திசையைப் பார்க்கிறார்கள் என்று சில ஆண்டுகள் கவனித்த பிறகு. ஹோஹெவார்டில் பாலமும் வளைவுகளும் ஒரே ஆண்டில் திறந்தன. மானியம் தரும் அமைப்புகள் குறித்த காலத்துக்குள் செலவை முடிக்கச் சொல்வதால் இப்படி ஆகிறது. புதியதாக ஒன்றைக் கட்டக் கிடைக்கும் பணம் கட்டியதைக் காக்கக் கிடைப்பதில்லை. நம் ஊர்ப் பூங்காக்களிலும் திறப்பு விழாக் கல்வெட்டு பளபளக்க, ஊஞ்சல் சங்கிலி துருப்பிடித்துக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சின்னம் வேண்டவே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். சுரங்கம் மூடி வேலை இழந்த ஊருக்கு, தன் கழிவுமேட்டைக் காட்டிப் பெருமைப்பட ஒன்று தேவைப்பட்டது. அந்தத் தேவையை இகழ்பவர் வேறு ஊர்க்காரராகத்தான் இருப்பார். ஆனால் பழுது வந்தால் பாதியாவது பயன்படும்படி அதை அமைத்திருக்கலாம். வளைவின் கீழே நிற்காமலேயே, சற்றுத் தள்ளி வெளிவிளிம்பில் திசைக்கற்களை நட்டு, ஞாயிறு எழும் விழும் இடங்களைப் பார்க்கும்படி செய்திருந்தால், வேலி போட்ட ஆண்டுகளிலும் கண்காணிப்பகத்தின் ஒரு பங்கு வேலை நடந்திருக்கும். நிழற்கடிகாரத்தின் எளிமையை இங்கே கடன் வாங்கியிருக்க வேண்டும்.

ஒப்பந்தத்திலும் ஒரு திருத்தம் தேவை. இதுவரை யாரும் கட்டாத வடிவத்தைக் கட்டும்போது, முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் விரிசல் வந்தால் முதலில் சரிசெய்துவிட்டுப் பிறகு பொறுப்பைத் தீர்மானிக்க ஒரு வழி முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும்: இருதரப்பும் ஏற்கும் நிபுணர் ஒருவர், சாட்சியத்தைப் பதிவு செய்யும் முறை, பழுதுபார்ப்புக்கென்று ஒதுக்கிய தொகை. இவை இல்லாவிட்டால் பொதுச் சொத்து ஒரு வழக்கின் தடயப் பொருளாக ஆண்டுக்கணக்கில் கிடக்கும்.

மரங்கள் விஷயத்தில் இன்னும் கொஞ்சம் பொறுமை காட்டியிருக்கலாம். வெளியிலிருந்து மண் கொண்டுவந்து பரப்பி நட்டால் விரைவில் பச்சை தெரியும். அரசியல்வாதிக்கும் நாளிதழுக்கும் படம் கிடைக்கும். அந்த மண்ணோடு களையும் வரும். சில சரிவுகளைக் கறுப்பாகவே விட்டு, பிர்ச்சும் வெப்பம் தாங்கும் பூச்சிகளும் தாமாக வந்து குடியேறட்டும் என்று காத்திருந்தால், அந்த வட்டாரத்தில் வேறெங்கும் இல்லாத வறண்ட வாழிடம் ஒன்று மிஞ்சியிருக்கும். பிற மேடுகளில் இப்படி விட்ட இடங்களில் நீலச்சிறகு வெட்டுக்கிளி வந்து சேர்ந்திருக்கிறது. வெறுங்கல்லின் சூடுதான் அதற்கு வேண்டியது.

மலைமிதிவண்டிக்காரர்களை முதல் நாளிலிருந்தே பேச்சுவார்த்தைக்கு அழைக்க வேண்டும். தடம் எங்கே போகலாம், எந்தச் சரிவைத் தொடவே கூடாது என்பதை மண்ணியல் வரைபடத்தை மேசையில் விரித்துவைத்து அவர்களோடு சேர்ந்து முடிவு செய்தால், தடத்தைச் செப்பனிடும் வேலையில் பாதியை அவர்களே ஏற்றுக்கொள்வார்கள். வேலி போட்டுப் பலகை மாட்டுவது முன்பே பயன்படாது என்று தெரிந்த வழி.